இரண்டு துண்டு வெல்லம்

அறுபதுகளின் முடிவில், ஒரு கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. அப்போது நாங்கள் காவேரிப்பட்டினத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். எங்களுக்கு ஒரே மகள், ஏழு வயது. பெங்களூரில் என் அண்ணன் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று நானும் மகளும் பஸ்ஸில் புறப்பட்டோம். ஓசூரைத் தாண்டி மைசூர் ராஜ்யத்தின் எல்லையில் நடந்ததை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டு ஜெபத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விளக்கு வைத்ததும் மூன்று பேரும் பாயில் உட்காருவோம். ஒரு பாட்டு, ஒரு வசனம், பிறகு ஜெபம். எல்லாக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இருக்கிற வழக்கம்தான். எங்கள் வீட்டில் மட்டும் கூடுதலாக நான் ஒன்று ஏற்படுத்தி வைத்திருந்தேன். ஜெபத்துக்கு முன்னால் மகள் அன்றைக்கு நடந்ததில் ஏதாவது ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பாலைக் கொட்டியது, பலப்பத்தைத் தின்றது, எதிர்வீட்டுக் கோழியைக் கல்லால் அடித்தது, எதுவானாலும் சரி. ஒளிக்காமல் சொல்லிவிட்டால் அடி கிடையாது. அதற்குப் பதில் தகர டப்பாவிலிருந்து ஒரு துண்டு வெல்லம் கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஆலயத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவள் வேறு. மற்ற அம்மாக்கள் பிள்ளைகளை முதுகில் இரண்டு வைப்பதைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. அடிக்காமல் வளர்க்கப் பாருங்கள், என் பெண்ணைப் பாருங்கள், பொய் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது என்று ஆரம்பித்துவிடுவேன். பாவம், அவர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

சில நாட்களில் மகளுக்குச் சொல்வதற்குச் சொந்தத் தப்பு எதுவும் அகப்படாது. அப்போது அடுத்தவர் தப்பைக் கொண்டுவருவாள். அடுத்த வீட்டு அக்கா ஊறுகாய் ஜாடியில் கை விட்டாள், வகுப்பில் ஒரு பையன் சிலேட்டை மாற்றி எடுத்துக்கொண்டான் என்று. அதுவும் உண்மைதானே என்று அதற்கும் வெல்லம் கொடுத்தேன். எனக்கு அது உறுத்தவே இல்லை. பெரியவர்களான நாங்கள் இரண்டு பேரும் ஒருநாள்கூட எங்கள் முறை என்று எதையும் சொன்னதில்லை. அதுவும் உறுத்தவில்லை.

அரிசிக்கு ரொம்பவும் தட்டுப்பாடு இருந்த காலம் அது. ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு அரிசி கொண்டுபோகக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். எல்லையில் பஸ்ஸை நிறுத்தி மூட்டை முடிச்சுகளைக் கிளறிப் பார்ப்பார்கள். அப்படியும் ஏழைப் பெண்கள் சிலர் நாலு படி, ஐந்து படி என்று இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் விற்றுவிட்டு வருவார்கள். பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

அரைப் பரீட்சை நேரமாதலால் என் வீட்டுக்காரரால் எங்களோடு வர முடியவில்லை. கிருஷ்ணகிரி வரைக்கும் வந்து பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மகளுடைய சின்னத் தலையணையை அவரே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஜன்னலோரம் இடம் பிடித்து, சீட்டின் மேல் அந்தத் தலையணையைப் போட்டு, அதன்மேல் அவளைத் தூக்கி உட்கார வைத்தார்.

"கண்ணு, இதும்மேல உக்காந்தாத்தான் வெளிய நல்லாத் தெரியும். பெங்களூர் போற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, சரியா?" என்றார்.

அவள் ரொம்பப் பெரிய மனுஷிபோலத் தலையாட்டினாள். அவர் குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னார். அதற்கும் தலையாட்டினாள். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்காத மனுஷனுக்கு இன்றைக்கு மகள்மேல் இத்தனை கரிசனமா என்று எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

சூளகிரியில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது வயது இருக்கலாம். சாயம் போன சேலை, காலில் செருப்பு இல்லை. நிறைமாதக் கர்ப்பிணிபோல வயிறு முன்னால் தள்ளியிருந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள். மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்து, முந்தானையில் துடைத்து, என் மகளிடம் கொடுத்தாள். எனக்குப் பஸ் என்றாலே தலைசுற்றல். கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டேன்.

என் மடிக்குக் குறுக்கே சாய்ந்துகொண்டு அவர்கள் இருவரும் ஏதேதோ பேசினார்கள். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பெரியவளுக்கு என் மகள் வயசுதான். பேச்சு அப்படியே போய், வயிற்றில் இருப்பது தம்பிப் பாப்பாவா தங்கச்சிப் பாப்பாவா என்று என் மகள் கேட்டாள். அரைக்கண்ணைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெண் சத்தமில்லாமல் சிரித்தாள். மகளின் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்து அழுத்தினாள்.

"தொட்டுப் பாரு. இது அரிசிப் பாப்பா. உங்கிட்ட மட்டுந்தான் சொல்றேன். யாராண்டையும் சொல்லாத, என்னா?"

என் மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நான் தூங்குவதுபோலவே இருந்துவிட்டேன். அந்தக் காலத்துப் பஸ்ஸில் அப்படித்தான் இருப்போம்.

எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே மூங்கில் கட்டையைப் போட்டிருந்தார்கள். பஸ் நின்றதும் காக்கி உடுப்பில் ஒருவரும் வெள்ளைச் சட்டையில் ஓர் அதிகாரியும் ஏறினார்கள். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். எங்கள் வரிசைக்கு வந்தபோது பக்கத்தில் இருந்த பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல முனகினாள். அதிகாரி கௌரவமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். போகிற போக்கில், ஜன்னலோரம் கண்ணை உருட்டிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்து விளையாட்டாகத்தான் கேட்டார்.

"என்னா பாப்பா, அரிசி கிரிசி வச்சிருக்கீங்களா?"

என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பிக்கிற அதே குரலில், ஒவ்வொரு வார்த்தையாக, கணீரென்று சொன்னாள்.

"இந்த அம்மா வயித்துல இருக்குது சார். அது பாப்பா இல்ல, அரிசி."

அந்தப் பெண் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என் மகளைத்தான் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடி விழும் என்று எதிர்பாராத இடத்தில் அடிபட்ட ஒருத்தியின் முகம் அது. கீழே இறங்கச் சொன்னார்கள். எழுந்தாள். இப்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை, முனகவும் இல்லை. ஆரோக்கியமான பெண்பிள்ளையாக விறுவிறுவென்று இறங்கிப்போனாள்.

அதிகாரி திரும்பி வந்து என் மகளின் கன்னத்தைத் தட்டினார்.

"நல்ல புள்ள. வேற யாராச்சும் வச்சிருக்காங்களா பாப்பா?"

"இல்ல சார்" என்றாள், அவர் கண்ணை நேராகப் பார்த்து.

அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். முன்சீட்டில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு கிழவர், வளர்த்திருக்கிறாள் பார் பெண்ணை என்று என் காது பட முணுமுணுத்தார். எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. இந்தச் சின்னப் பெண்ணிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னது தப்பு என்றா சொல்வது? அப்படிச் சொன்னால் அத்தனை நாள் பாயில் உட்கார்ந்து சொன்னதெல்லாம் என்ன ஆவது? இப்படிக் குழம்பிக்கொண்டிருக்கும்போது அவள் என் முழங்கையைச் சுரண்டினாள். திரும்பினேன். உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள்.

வெல்லத்துக்காக.

முகத்தில் அத்தனை சந்தோஷம். வழியில் கொடுப்பதற்கென்று நான் பையில் கொஞ்சம் முடிந்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். என் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"அம்மா, இன்னிக்கு ரெண்டு குடுக்கணும். ஒன்னு நான் உண்மை சொன்னதுக்கு. இன்னொன்னு அப்பா சொன்னமாதிரி நம்மளதச் சொல்லாம இருந்ததுக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் கண்ணால் தனக்குக் கீழே காட்டினாள். அவளுக்கு அடியில் கையை விட்டுத் தலையணையை அழுத்தினேன். மேலாகக் கொஞ்சம் இலவம்பஞ்சு. அதற்குக் கீழே கெட்டியாக, மணிமணியாக, அரிசி.

அதிர்ச்சி என்ற வார்த்தையை அதுவரை எத்தனையோ தடவை சும்மா சொல்லியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அரிசிமேல் உட்கார்ந்துகொண்டு அடுத்தவள் அரிசியைக் காட்டிக் கொடுத்திருக்கிறது என் குழந்தை. அதிகாரி கேட்டபோது கண் இமைக்காமல் இல்லை என்று சொல்லியிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துக் கூலி கேட்கிறது. அதில் கள்ளம் துளிகூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெல்லம் வாங்குவதற்காக எது வேண்டுமானாலும் சொல்லும், எது வேண்டுமானாலும் மறைக்கும் ஒரு பிள்ளையைத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வளர்த்து வைத்திருக்கிறோமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். இன்னும் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் பஸ் எல்லையைத் தாண்டிவிடும். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் எனக்கும் வந்தது, மறைப்பானேன். ஆனால் மகள் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்னால் எங்கேயும் போக முடியாது என்று தோன்றியது. நிறுத்துங்கள் என்று கத்தினேன். ஒரு கையில் தலையணை, ஒரு கையில் மகள், தோளில் பை. கண்டக்டர் என்னவோ கேட்டார். பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன்.

"வேணாம்மா, அப்பா திட்டுவாங்க, வேணாம்மா" என்று அவள் அழுதுகொண்டே இழுபட்டு வந்தாள்.

ரோட்டோரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதற்குள் மேஜை. அந்தப் பெண் தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். வயிறு ஒட்டிப்போயிருந்தது. கட்டியிருந்த துணிப்பட்டை மட்டும் மடியில் கிடந்தது. நான் தலையணையை மேஜைமேல் வைத்தேன்.

"இதுலயும் அரிசி இருக்குது சார். எங்களுது."

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. காக்கி உடுப்புக்காரர் பிளேடால் தையலைப் பிரித்தார். பஞ்சு பறந்தது. அரிசி மேஜைமேல் சரசரவென்று கொட்டியது. நல்ல சன்ன ரகம். அதைப் பார்த்ததும் எனக்கு அவமானத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"யாரும்மா வச்சது இத?" என்றார். நான் வாயெடுப்பதற்குள் குனிந்து மகளிடமே கேட்டார். "யாரு பாப்பா வச்சது?"

அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டுமா, வேண்டாமா, எதைச் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று என் முகத்தில் தேடினாள். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். சரி எது தப்பு எது என்று தனக்குள்ளே பார்த்துக்கொள்ள அந்தக் குழந்தைக்குத் தெரியவே இல்லை. எங்கள் முகத்தைப் பார்க்கத்தான் தெரிந்திருந்தது. அத்தனை வருஷத்து ஜெபத்தில் நான் பழக்கியது அதைத்தான்.

கணவரின் பெயர் வெளியே வந்தால் வேலைக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியும். வாத்தியார் அரிசி கடத்தினார் என்று பேச்சு கிளம்பினால் ஊரில் தலை காட்ட முடியாது. இருந்தாலும் அவளைச் சொல்ல விடக் கூடாது என்று எப்படியோ தோன்றிவிட்டது.

"என் வீட்டுக்காரர் வச்சது சார். வாத்தியாரா இருக்கார். எனக்கு இப்பத்தான் தெரியும்."

அவர் அரிசியை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும் நான் அடுத்த பஸ்ஸில் போகலாம் என்றும் சொன்னார். அந்தப் பெண்ணைக் காட்டி, இவளை விடமாட்டீர்களா என்று கேட்டேன். அவள் முன்னாலேயே ஒரு தடவை அகப்பட்டவள், ஜீப் வந்ததும் ஓசூருக்கு அழைத்துப் போய்க் கேஸ் எழுத வேண்டும் என்றார். அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். மகளையும் மடியில் இருத்திக்கொண்டேன். அந்தப் பெண்ணோடுதான் நானும் போவேன் என்றேன். வீரத்தில் செய்த காரியமல்ல. எழுந்து நடக்கத் தெம்பில்லை என்பதுதான் பாதி உண்மை.

அந்தப் பெண் என்னை வாழ்த்துவாள் என்று நினைத்தீர்களா? நானும் மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன்போல.

"இப்ப வந்து கூட குந்திக்கினா என் அரிசி திரும்பி வந்துருமா?" என்றாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏதாவது செய்ய வேண்டும் என்று, மகளை அவள் பக்கம் திருப்பி, மன்னிப்புக் கேள் என்றேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அந்த ஒப்பிக்கிற குரலில், "என்னை மன்னிச்சிருங்க" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டாள்.

"ஏம்மா, அதையும் நீ சொல்லித்தான் குடுக்கணுமா அதுக்கு?" என்றாள்.

சொல்லிவிட்டு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெயில் ஏறி இறங்கும்வரை அங்கேயே இருந்தோம். ஜீப் வரவில்லை. அதிகாரி வெளியே போவதும், எங்களைப் பார்ப்பதும், உள்ளே வருவதுமாக இருந்தார். சின்னக் குழந்தையோடு ஒருத்தி பட்டினியாகத் தரையில் உட்கார்ந்திருப்பது அவரையும் என்னவோ செய்திருக்க வேண்டும். கடைசியில், இரண்டு பேரும் போங்கள், இனிமேல் இந்தப் பக்கம் அரிசியோடு வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் துணிப்பட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓசூர் ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். நான் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவே இல்லை.

அண்ணன் வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. வந்த வழியே திரும்பினோம். பஸ்ஸில் மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடும் என்று நீதானே சொன்னாய், அவங்க மன்னிச்சிட்டாங்களா என்று. தெரியவில்லை என்றேன். அம்மாவுக்குத் தெரியாத விஷயமும் உண்டு என்று அவள் முதல்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். எங்களைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் திரும்பி வந்தீர்கள், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்கவில்லை. முதல் கேள்வியே, "தலகாணி எங்க?" என்பதுதான்.

"செக்போஸ்ட்ல குடுத்துட்டேன். யாரு வச்சதுன்னு கேட்டாங்க. நீங்கதான்னு சொல்லிட்டேன்."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "என் வேலைக்கே உலை வச்சிட்டியே" என்றார். முகம் வெளிறிவிட்டது. போன மாதம் அண்ணன் வந்திருந்தபோது, விருந்து வைக்கலாம் என்றால் நல்ல அரிசிதான் அங்கே கிடைக்கவில்லை மாப்பிள்ளை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாராம். விற்கவா போகிறோம், நம் வீட்டுக் குழந்தை விருந்துக்குத்தானே என்று இவர் நினைத்துவிட்டார். எனக்குத் தெரிந்தால் விடமாட்டேன் என்றுதான் மகளிடம் மட்டும் சொல்லி வைத்தாராம். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஒரு பலப்பத்துண்டைக்கூடப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு எடுத்துவராதவர்.

நான் சண்டை போடவில்லை. எல்லையில் நடந்ததையும், அந்தப் பெண்ணுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பதையும், மகள் இரண்டு துண்டு வெல்லம் கேட்டதையும் மட்டும் சொன்னேன். எதற்கு இரண்டு என்று அவள் சொன்னாளோ, அதையும் அப்படியே சொன்னேன். வேலைபோகும் என்ற பயத்தைவிட அது அவரை அதிகமாக உலுக்கிவிட்டது. அவர் கண்கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜெபத்துக்குப் பாயை விரித்தோம். வழக்கம்போல் தகர டப்பா பக்கத்தில் இருந்தது. மகள் தலையைக் குனிந்தபடி ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். நானும் கேட்கவில்லை. அவர்தான் ஆரம்பித்தார்.

"இன்னிக்கு அப்பாதான் சொல்லணும் கண்ணு. கூடாதுன்னு தெரிஞ்சும் அரிசிய ஒளிச்சு வச்சேன். அதுக்கு உன்னயும் கூட்டுச் சேத்துக்கிட்டேன். அது தப்பு."

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவளுக்குத் தெரிந்த சட்டம் அதுதானே. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு வேணாம் கண்ணு."

"ஏம்ப்பா? உண்மை சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். ஆனா அந்தம்மா வெறுங்கையோட ஊட்டுக்குப் போயிருக்கும். அதோட புள்ளைங்க பாத்துக்கினு இருக்கும். நமக்கு எப்பிடி இது இனிக்கும்?"

அவள் கையிலிருந்த வெல்லத்தையே ரொம்பநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதை டப்பாவில் போட்டு மூடினாள். கவுன் பையில் கையை விட்டு எதையோ எடுத்தாள். அந்தக் கொய்யாப்பழம். கடிக்காமலே வைத்திருந்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது.

"அவங்க எங்கிட்ட மட்டும்தாம்மா சொன்னாங்க" என்றாள்.

சொல்லிவிட்டு அழுதாள். காலையில் அப்பா திட்டுவார் என்று அழுத அழுகை இல்லை இது. பழத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, குப்புறக் கவிழ்ந்து, தேம்பித் தேம்பி அழுதாள். நான் தொடப் போனபோது அவர் வேண்டாம் என்று சைகை காட்டினார். அழட்டும் என்று விட்டுவிட்டோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் வேறு ஜெபம் நடக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து விசாரணை வரும் என்று அவர் ரொம்ப நாள் பயந்துகொண்டே இருந்தார். யார் சைக்கிள் வாசலில் நின்றாலும் எட்டிப் பார்ப்பார். ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண்ணைத் தேடி இரண்டு தடவை சூளகிரிக்குப் போனோம். பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது, எங்கே போய்க் கேட்பது? வெல்ல டப்பா சமையலறைக்குப் போய்விட்டது. ஜெபத்தில் முதலில் பெரியவர்கள் சொல்வது, பிறகு அவளுக்கு ஏதாவது இருந்தால் சொல்வது என்று ஆனது. ஓய்வுநாள் பள்ளியில் நான் மற்ற அம்மாக்களுக்குப் புத்தி சொல்வதையும் அதோடு நிறுத்திவிட்டேன். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர்களுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

மகளுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆனால் எந்தக் குழந்தையாவது ஏதோ ஒன்றைச் செய்துவிட்டு என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தால், எனக்கு அந்தக் கொட்டகை நினைவுக்கு வந்துவிடும். அன்று சாயங்காலம் அழுதபோது என் மகள் என் முகத்தையும் பார்க்கவில்லை, அவள் அப்பா முகத்தையும் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காமலே அவள் கற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான், அதற்காகத்தான் இன்றைக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.